மெஷின் பாலிஷுக்கு முன் டேப்: டிரிம், பேனல் இடைவெளி, விளிம்பு. எதை மூடுவது, எதை விடுவது?

கரும்பூச்சு:

கறுப்பு கார். கம்பெனி பெயின்ட், மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு). ஸ்வர்ல் மார்க் (வட்டவட்டமான மெல்லிய கீறல்) எக்கச்சக்கம். முதலில் காம்பவுண்ட் (கீறலை அரைத்தெடுக்கும் குழம்பு), அப்புறம் ஃபினிஷிங் பாலிஷ் என்று இரண்டு கட்டமாகச் செய்வதாகத் திட்டம். மெஷின் டிஏ (சுழன்றுகொண்டே ஆடும் டூயல் ஆக்ஷன் பாலிஷர்), த்ரோ, அதாவது ஆட்டத்தின் விட்டம், 15 மி.மீ. தேய்க்கும் பேடை மாட்ட 125 மி.மீ. பிளேட்டும் 75 மி.மீ. பிளேட்டும் கைவசம் உண்டு.

வண்டியில் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் டிரிம் நிறைய: வீல் ஆர்ச், வைப்பருக்குக் கீழே உள்ள கவுல், பம்பரின் அடிப்பகுதி, கதவின் பக்கவாட்டு மோல்டிங். பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) மட்டும் பளபளப்பான கறுப்பு.

எல்லாவற்றையும் மூட வேண்டுமா? எந்த டேப், எவ்வளவு அகலம்? பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருப்பது போன்ற இடைவெளிகளை இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரே டேப்பால் மூடலாமா? அப்படி மூடினால் பாலிஷ் படாத கோடு ஒன்று நிற்குமே, அதை என்ன செய்வது?

நுரைத்தட்டு:

டேப்புக்கு இரண்டு வேலை. காம்பவுண்ட் போய் ஒட்டக் கூடாத இடத்தை மூடுவது ஒன்று. பெயின்ட் மெலிந்த விளிம்பிலிருந்து பேடைத் தள்ளி வைப்பது இன்னொன்று. முதல் வேலை சரியாக அமையாவிட்டால் பிரஷும் கையுமாகக் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது தவறினால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. நேரம் குறைவு என்றால் விளிம்புகளுக்கு முதலில் ஒட்டுங்கள்.

சொரசொரப்பு பிளாஸ்டிக் ஏன் வெளுக்கிறது என்றால், காம்பவுண்டில் அரைக்கும் பொருள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அது வெள்ளைத் தூள். அதைச் சுமந்து வரும் தண்ணீரும் கரைப்பானும் ஆவியாகிவிடும், தூள் மட்டும் பிளாஸ்டிக்கின் குழிகளில் தங்கிவிடும். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. காய்ந்ததும் பல் இளிக்கும்.

டேப்: ஓவியம், சுவர் வேலைக்கு வரும் குறைந்த ஒட்டுத்திறன் கொண்ட பெயின்டர் டேப் போதும். மஞ்சள், நீலம், பச்சை எதுவானாலும் சரி, கார் பெயின்டுக்கு உரியது என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெளிர்பழுப்பு மாஸ்கிங் டேப்பைத் தவிருங்கள். வெயிலில் சூடேறினால் அதன் பசை பெயின்டிலேயே தங்கிவிடும். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அகலம்: பேனல் இடைவெளிக்கு 24 மி.மீ., மோல்டிங்குக்கும் ரப்பர் பீடிங்குக்கும் 36 அல்லது 48 மி.மீ., லோகோவைச் சுற்றியும் வளைவான ஹெட்லைட் ஓரத்திலும் 6 மி.மீ. வினைல் ஃபைன் லைன் டேப். காகித டேப் வளைவில் சுருங்கி மடியும். அந்த மடிப்பு வழியாகத்தான் காம்பவுண்ட் உள்ளே போகும். வளைவுக்கு முதலில் ஃபைன் லைன் டேப்பால் எல்லை போட்டு, அதன் மேல் அகல டேப்பை ஏற்றி ஒட்டுங்கள்.

ஒட்டும் முறை: டேப்பை இழுத்து நீட்டி ஒட்டாதீர்கள். நீட்டிய டேப் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், கால் மணி நேரத்தில் முனை தூக்கும். அரை மீட்டர் நீளமாகப் பிரித்து, சும்மா கிடத்தி, பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் பெயின்ட் பக்க விளிம்பை மட்டும் அழுத்தித் தேய்த்து விடுங்கள். மறுபக்கம் சற்றுத் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை. பேட் வந்து மோதுவது பெயின்ட் பக்க விளிம்பில்தான்.

பிளாஸ்டிக்கும் பெயின்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் டேப்பின் ஓரம் சரியாக அந்தக் கோட்டிலேயே நிற்கட்டும். பிளாஸ்டிக் தாழ்ந்து, பெயின்ட் விளிம்பு துருத்தி நின்றால் பெயின்டின் மேல் 2 மி.மீ. ஏறட்டும்.

பெயின்ட்_மைக்ரான்:

மேலே சொன்னதில் விளிம்பு விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

கம்பெனி கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் (மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. இது பேனலின் நடுவில். கூரான விளிம்பில் ஈரப் பெயின்ட் தங்காது. பரப்பு இழுவிசை அதை இரண்டு பக்கத் தட்டைப் பகுதிக்கும் இழுத்துக்கொள்ளும். காய்ந்த பின் முனையில் மிச்சமிருப்பது நடுப்பகுதியைவிட எப்போதும் குறைவு. அதன் மேல் தட்டையான பேட் போய் நிற்கும்போது, பேடின் முழுப் பரப்பும் தாங்க வேண்டிய அழுத்தத்தை ஒரு மெல்லிய கோடு தாங்குகிறது. சூடும் அந்தக் கோட்டிலேயே குவியும். மெலிந்த பூச்சு, கூடிய அழுத்தம், தப்பிக்க வழியில்லாத சூடு. மூன்றும் ஒரே இடத்தில்.

பூச்சின் தடிமனைக் காட்டும் பெயின்ட் கேஜ் வைத்து விளிம்பை அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கேஜின் முனை தட்டையாக உட்காராத இடத்தில் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலையே செய்யாது, அடியில் உலோகம் வேண்டும்.

எனவே இவற்றையும் டேப் பட்டியலில் சேருங்கள்: பானட்டின் முன் விளிம்பு, நான்கு கதவுகளின் பின் விளிம்பு, டிக்கியின் கீழ் உதடு, எரிபொருள் மூடியின் சுற்றுவட்டம், பக்கவாட்டில் ஓடும் கூரான பாடி லைன். பாடி லைனைத்தான் பலர் மறக்கிறார்கள். அதன் முகட்டின் மேல் 6 மி.மீ. டேப் ஒன்று போதும்.

இடைவெளி பற்றிய கேள்விக்கு: இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரே டேப் போடுவதுதான் வழக்கம், ஆனால் அது நல்ல முறை இல்லை. இரண்டு காரணம். 4 மி.மீ. இடைவெளியின் மேல் பாலம் போல் நிற்கும் காகித டேப்புக்கு அடியில் பிடிமானம் இல்லை. பேட் அழுத்தியதும் உள்ளே தொய்ந்து, விளிம்பு முனையில் கிழியும். எந்த முனையைக் காக்கப் போட்டோமோ அதுதான் முதலில் வெளியே வரும். இரண்டாவது, இரு பக்கமும் 10 மி.மீ. பாலிஷ் படாமல் நிற்கும். கறுப்பு காரில் அது பளிச்சென்று தெரியும்.

நல்ல முறை பேனல் பேனலாகப் போவது. பானட் வேலை நடக்கும்போது 24 மி.மீ. டேப்பில் ஏறக்குறைய 18 மி.மீ. ஃபெண்டர் மேல் உட்காரட்டும், இடைவெளியைக் கடந்து பானட் விளிம்பில் 2 முதல் 3 மி.மீ. மட்டும் ஏறட்டும். நகத்தால் டேப்பை இடைவெளிக்குள் லேசாக அமுக்கி, பானட் விளிம்பின் வளைவோடு படிய வையுங்கள். அப்போது பாலம் இருக்காது, கிழியாது. பானட் முடிந்ததும் உரித்துவிட்டு, ஃபெண்டர் வேலைக்குப் புது டேப்பை இதே முறையில் திருப்பிப் போடுங்கள். டேப் இரட்டிப்பாகச் செலவாகும். ஆகட்டும்.

இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் இருந்தால், கதவு இடுக்கில் பெயின்ட் புகாமல் இருக்கப் பெயின்ட் பூத்தில் வைக்கும் உருளை நுரை டேப்பை உள்ளே செருகி, அதன் மேல் காகித டேப் போடலாம். தூள் உள்ளே போகாது, டேப்புக்கும் அடியில் ஒரு தாங்கல் கிடைக்கும். நுரை பேனல் மட்டத்துக்கு மேல் துருத்தக் கூடாது.

ஓரம்போகி:

டிஏ மெஷினுக்கு இவ்வளவு டேப் தேவையா? விளிம்பில் அழுத்தினால் டிஏ சுழலாமல் நின்றுவிடும், ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் மாதிரி எரிக்காது. பேடை விளிம்பிலிருந்து தள்ளியே ஓட்டி, ஓரத்தைக் கையால் முடித்தால் டேப் ஒட்டும் இரண்டு மணி நேரம் மிச்சம். சொரசொரப்பு பிளாஸ்டிக்குக்கு மட்டும் டேப் போட்டால் போதும் என்பது என் கருத்து.

பெயின்ட்_மைக்ரான்:

பாதி சரி. மென்மையான நுரை பேட், ஃபினிஷிங் பாலிஷ் என்றால் டிஏவில் விளிம்பு டேப் இல்லாமலே போகலாம். ஆனால் கேட்டவர் முதல் கட்டத்தில் காம்பவுண்ட் போடப் போகிறார். மைக்ரோஃபைபர் பேடோ கம்பளி பேடோ போட்டால் டிஏவும் விளிம்பை வேகமாகத் தின்னும். சுழற்சி நின்றாலும் அதிர்வு நிற்காது. ஒரே இடத்தில் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

தள்ளி ஓட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 15 மி.மீ. த்ரோ என்றால் பேடின் மையம் 15 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆடுகிறது. பேடின் ஓரம் ஆட்டத்தின் நடுநிலையிலிருந்து 7.5 மி.மீ. வெளியே வரை போய் வரும். 21 மி.மீ. த்ரோவில் 10.5. கண்ணுக்கு விளிம்பில் படவில்லை என்று தோன்றும், படும். டிரிம் ஓரத்தில் 75 மி.மீ. பிளேட்டுக்கு மாறுங்கள். சின்ன பிளேட்டுக்குச் சின்ன த்ரோ உள்ள மெஷின் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, பேட் பிளேட்டைவிடக் குறைந்தது 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கண்ணாடி ரப்பரிலோ கதவுக் கைப்பிடியிலோ பிளேட்டின் கடினமான ஓரம் மோதி வெட்டுப்படும். அதற்கு எந்த டேப்பும் தாக்குப்பிடிக்காது.

ரோட்டரி வைத்திருப்பவர்களுக்காக: மேலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழியாகச் சுற்றும். விளிம்பு உங்கள் வலப்பக்கம் இருந்தால், பேடின் தூரத்துப் பாதி பேனலிலிருந்து வெளியே ஓடுகிறது. உங்கள் பக்கத்துப் பாதி வெளியிலிருந்து உள்ளே வந்து விளிம்பில் மோதுகிறது. ஆகவே தூரத்துப் பாதியில்தான் எடை விழ வேண்டும். விளிம்பு இடப்பக்கம் இருந்தால் இது தலைகீழ். எப்போதும் பேனலிலிருந்து வெளியே ஓட வேண்டும், வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது. இது மாறினால் பீடிங், வைப்பர் கை, லோகோ எதுவானாலும் பிடித்து இழுத்துவிடும்.

ஈரத்துணி:

ஒன்று விட்டுப்போயிற்று. டேப் ஒட்டுவதற்கு முன் இடைவெளிகளில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். வண்டியைக் கழுவி மேலே துடைத்ததும் காய்ந்துவிட்டது போலத் தெரியும். மிரர் அடியிலும் டெயில் லைட் இடுக்கிலும் லோகோவின் பின்னாலும் எரிபொருள் மூடிக்குள்ளும் தண்ணீர் இருக்கும். மெஷின் அதிர்வில் அது வழிந்து டேப்பின் அடியில் இறங்கும், பேடையும் நனைக்கும். புளோயரால் ஊதி, கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடி, மறுபடி ஊதுங்கள்.

கரும்பூச்சு:

நன்றி, ரொம்பத் தெளிவாகிவிட்டது. பேனல் பேனலாகவே போகிறேன். ஒரு சிக்கல்: கவுலிலும் வீல் ஆர்ச்சிலும் டேப் ஒட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை. முன்பு டிரிம் டிரெஸிங் (பிளாஸ்டிக்கைக் கறுப்பாகக் காட்டும் பூச்சு) போட்டிருந்தது. டேப்பை எப்போது உரிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நுரைத்தட்டு:

சிலிகான் கலந்த டிரெஸிங் மேல் எந்த டேப்பும் நிற்காது. ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1க்கு 10 என்று தண்ணீரில் கலந்து, பிரஷால் தேய்த்து, அலசிக் காய விட்டு, 50 சதவீதம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் டேப் படும் பட்டையை மட்டும் துடையுங்கள். அப்படியும் ஆழமான சொரசொரப்பில் டேப் பாதிதான் பிடிக்கும். குழிகளின் மேடுகளை மட்டும்தான் அது தொடுகிறது. அங்கே பெயின்டில் 2 மி.மீ. ஏறும் ஓரத்தை நம்புங்கள், அதுதான் உண்மையான பிடி. மீதிப் பகுதி தெறிப்பைத் தடுக்கும் திரை மட்டுமே. கவுல் மாதிரிப் பெரிய பரப்பில் டேப்பை வீணாக்காமல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து ஓரத்தில் மட்டும் டேப் போடுங்கள். பானட் மேல் வாஷர் நாசில் இருந்தால் அதையும் ஒரு துண்டு டேப்பால் மூடிவிடுங்கள். காம்பவுண்ட் போய் அடைத்தால் ஊசி வைத்துக் குடைய வேண்டிவரும்.

டிரெஸிங்கை அப்படியே விட்டு, டேப் இல்லாமல் வேலை செய்வதும் ஒரு வழி. எண்ணெய்ப்படலம் இருப்பதால் தெறித்த காம்பவுண்ட் குழிக்குள் பிடிக்காது, துடைத்தால் வந்துவிடும். வீல் ஆர்ச்சின் அடிப்பக்கம் போன்ற இடத்துக்கு இது போதும். ஆனால் அந்த எண்ணெய் பேடில் ஏறினால் பேட் வழுக்கும், அரைக்காது. அதனால் பேட் நேரடியாக உரசும் ஓரத்துக்கு இது ஆகாது.

உரிப்பது: காம்பவுண்ட் கட்டம் முடிந்ததுமே உரித்துவிடுங்கள். டேப் ஓரத்தில் காம்பவுண்ட் குவிந்து காய்ந்து கட்டியாகியிருக்கும். ஃபினிஷிங் பேட் அதை உடைத்து இழுத்துக்கொண்டு போனால், இப்போதுதான் எடுத்த கீறல் திரும்ப வரும். காகித டேப் நனைந்து நார் பிரிந்தாலும் உடனே மாற்ற வேண்டும். அந்த நார் பேடில் சிக்கும். வெயிலில் நிறுத்தி, டேப்போடு இரவு முழுக்க விடாதீர்கள்.

உரிக்கும்போது மேலே தூக்காமல் பின்பக்கமாக மடித்து, தன் மேலேயே படிகிற கோணத்தில் மெதுவாக இழுங்கள். பசை தங்கினால் தார் ரிமூவர் துணியில் எடுத்து ஒற்றித் துடையுங்கள். தின்னர் பக்கம் போக வேண்டாம். மறுபடி பெயின்ட் அடித்த பேனல் என்று சந்தேகம் இருந்தால் மறைவான மூலையில் சின்னத் துண்டு ஒட்டி உரித்துப் பார்த்த பிறகே முழுதாக ஒட்டுங்கள். ஒழுங்காகப் பிடிக்காத பெயின்ட் டேப்போடு சேர்ந்து வரும்.

டேப் விட்ட 2, 3 மி.மீ. கோட்டுக்கு: ஃபினிஷிங் பாலிஷை மைக்ரோஃபைபர் அப்ளிகேட்டரில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியால் விளிம்பின் நீளவாக்கில் 10, 15 முறை. குறுக்கே தேய்க்காதீர்கள், முனையில் ஏறி இறங்கும். அதன் பிறகு ஃபினிஷிங் கட்டத்தில் மென்மையான நுரை பேட், மெஷினின் சொந்த எடை மட்டும், ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டே பாஸ் (மெஷினை ஒருமுறை ஓட்டி எடுப்பது ஒரு பாஸ்). கோடு மறைந்துவிடும். ஆழமான கீறல் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் இருக்கட்டும். விளிம்பில் நின்று கீறலைத் துரத்துவது எனக்கு உடன்பாடில்லை.

பேடில் என்ன வருகிறது என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். கிளியர் கோட் உள்ள பெயின்டில் காம்பவுண்டின் நிறம்தான் வர வேண்டும். கார் நிறம் வந்தால் கிளியர் கோட் போய் அடிப்பெயின்ட் தெரிகிறது என்று பொருள். கறுப்பு காரில் ஒரு குழப்பம் உண்டு: ரப்பர் பீடிங்கை உரசினாலும் பேட் கறுக்கும். அதற்காகவாவது பீடிங்கை முழுதாக மூடுங்கள்.

தெறிப்பு_எதிரி:

தெறிப்பே குறைவாக இருந்தால் டேப்பின் வேலையும் குறையும். 125 மி.மீ. பிளேட்டின் பேடுக்கு முதல் முறை மட்டும் பேட் முழுக்கத் தடவிப் பதமாக்குங்கள், அதன் பின் ஒவ்வொரு பகுதிக்கும் 3, 4 சொட்டு. அதற்கு மேல் போடுவதெல்லாம் அரைக்காது, பறக்கும். மெஷினை நிறுத்திய நிலையில் பேடால் ஒற்றிப் பரப்பி, குறைந்த வேகத்தில் ஒரு சுற்று தடவி, அப்புறம்தான் வேகம் ஏற்ற வேண்டும். பேட் பெயின்டில் அழுந்தியிருக்கும்போதே ஆன், அப்படியே ஆஃப். சுற்றிக்கொண்டிருக்கும் பேடைத் தூக்கினால் கூரை வரைக்கும் புள்ளி விழும்.

பி-பில்லரைக் கட்டாயம் மூடுங்கள். பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் பெயின்டைவிட மென்மை, பலவற்றில் மேலே பூச்சே கிடையாது. காம்பவுண்ட் துணி பட்டாலே மயிரிழைக் கீறல் விழும். கண்ணாடியைச் சுற்றி அலுமினியப் பட்டை இருந்தால் அதையும் மூடுங்கள். அனோடைஸ் செய்த மேற்பரப்பு மிக மெல்லியது, தேய்ந்தால் திரும்பி வராது. கடுமையான காரக் கிளீனர் பட்டாலும் அதில் வெண்திட்டு விழும். அந்தப் பட்டையின் பக்கத்தில் ஆல் பர்ப்பஸ் கிளீனரை நேராகத் தெளிக்காமல் துணியில் எடுத்துத் துடையுங்கள்.

லோகோ எழுத்துகள்: எழுத்துக்குள் பேட் போகாது, போக வைக்கவும் வேண்டாம். மொத்தமாக 48 மி.மீ. டேப்பால் மூடி, சுற்றிலும் கையால் முடியுங்கள். பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தின் மேலும் டேப். பேட் அந்த ஓரத்தைத் தூக்கினால் அடியில் காம்பவுண்ட் புகுந்து, என்ன செய்தாலும் போகாத வெள்ளைக் கோடாக நிற்கும். பார்க்கிங் சென்சாரையும் கேமரா லென்ஸையும் சொல்லவே தேவையில்லை.

ஈரத்துணி:

எவ்வளவு ஒட்டினாலும் எங்காவது வெள்ளை தெரியத்தான் செய்யும். அதை எடுக்கும் வரிசை: முதலில் காய்ந்த பிரஷால் தட்டித் தூளை உதிர்த்துவிடுங்கள், காய்ந்த கட்டியை நனைத்தால் குழிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பிறகு 1க்கு 10 கலந்த ஆல் பர்ப்பஸ் கிளீனர், ஒரு நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் நடுத்தரக் கடினமுள்ள பிரஷால் பல திசையிலும் தேய்த்து, மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். மிச்சப் புள்ளிகளுக்குப் பென்சில் அழிக்கும் வெள்ளை வினைல் ரப்பர் நன்றாக வேலை செய்யும். நீராவி மெஷின் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் லோகோ, ஸ்டிக்கர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பசை இளகும்.

மெலமைன் ஸ்பாஞ்ச் வேண்டாம். அதுவே ஒரு அரைக்கும் பொருள், சொரசொரப்பின் முனைகளைத் தேய்த்துப் பளபளப்புத் திட்டு உண்டாக்கும். வெள்ளையின் மேல் டிரெஸிங் பூசி மறைப்பதும் வீண். இரண்டு கழுவலில் திரும்ப எட்டிப்பார்க்கும்.

இடைவெளிக்குள் போனதற்கு: பிளாஸ்டிக் ஸ்பேட்டுலாவில் மெல்லிய மைக்ரோஃபைபர் சுற்றி, குவிக் டீட்டெய்லர் (துடைப்பதற்கான ஸ்பிரே) தெளித்து உள்ளே விட்டு இழுங்கள். கதவைத் திறந்து உட்புற விளிம்பையும் கண்ணாடி இறங்கும் பட்டையின் அடியையும் அப்போதே துடைத்துவிடுங்கள். வேலை நடக்கும்போது கண்ணாடிகள் முழுதாக ஏறியிருக்க வேண்டும், பட்டையின் உள்ளே இருக்கும் மென்துணி காம்பவுண்டை உறிஞ்சினால் ஒவ்வொரு முறை கண்ணாடி ஏறி இறங்கும்போதும் அது கண்ணாடியைத் தேய்க்கும்.

கரும்பூச்சு:

பம்பருக்கும் இதே முறைதானா? பிளாஸ்டிக் மேல் பெயின்ட் என்பதால் கேட்கிறேன்.

பெயின்ட்_மைக்ரான்:

டேப் அதே முறைதான், வேகமும் பாஸும்தான் மாறும். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, பட்ட இடத்திலேயே வைத்துக்கொள்ளும். மெஷின் வேகத்தை ஒரு படி குறைத்து, ஒரு பகுதியில் மூன்று பாஸுக்கு மேல் போகாமல், இடையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஆற விடுங்கள். கிரில் ஓரம், பனிவிளக்குக் குழி, நம்பர் பிளேட்டின் மேல் மடிப்பு மூன்றும் கூரானவை. அங்கே 6 மி.மீ. டேப், 75 மி.மீ. பிளேட்டின் பேட்கூடப் பெரிதாகத் தெரிந்தால் கையால்தான்.